தப்பை எண்ணாத பூட்டு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் 2007இல் கணினிக்கு மாறியது. 2021இல் மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் போடியும் இணையம் வழியாக ஒரே ஏலத்தில் சேர்ந்தன. வங்கி, ஜிஎஸ்டி, சரக்குக் கணக்கு என்று வியாபாரியின் மற்ற வேலைகளும் கணினிக்குப் போய்விட்டன. கடையில் ஆளை முகம் பார்த்து அறியலாம். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் கடவுச்சொல்தான். அதை வேறொருவன் ஊகித்துவிட்டால்?

இந்தக் கவலை பழையது. 1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்தார்கள். 86 சதவீதம் எளிதில் பிடிபடக்கூடியவை! 1988இல் இணையத்தையே திணறடித்த 'மோரிஸ் புழு' கடவுச்சொற்களை ஊகித்தும் கணினிகளுக்குள் நுழைந்தது. அதை எழுதியவர் அதே மோரிஸின் மகன்.

கடவுச்சொல் பலவீனமாக இருந்தாலும் காப்பாற்றக்கூடியது ஒன்று உண்டு: தவறான முயற்சிகளை எண்ணுவது. ஏடிஎம் பின் நான்கு இலக்கம், அதாவது 10,000 சேர்க்கைகள். மூன்று தவறுக்குப் பூட்டிக்கொண்டால் திருடனுக்கு 10,000இல் 3 வாய்ப்புதான். எண்ணாமல் விட்டால், நொடிக்குப் பத்து வீதம் முயலும் கணினிக்கு 17 நிமிடமே போதும்.

ட்விட்டர் எண்ணாமல் விட்டது. 2009 ஜனவரியில் 18 வயது இளைஞர் ஒருவர் அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாக முயன்று, ஊழியர் ஒருவரின் கணக்கில் நுழைந்தார். ஒபாமாவின் கணக்குகூட தப்பவில்லை. கடவுச்சொல் 'ஹேப்பினெஸ்'. 2010இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்தக் குறையையும் குற்றப்பட்டியலில் சேர்த்தது.

அதற்காக இரண்டே தவறுக்குப் பூட்டினால் போதுமா? அதிலும் ஆபத்து. ஏலம் நடக்கும் நேரத்தில் போட்டியாளர் ஒருவர் வேண்டுமென்றே தப்பாகத் தட்டி உங்கள் கணக்கைப் பூட்டிவிட்டால், சரக்கு கைவிட்டுப் போகும். 2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழு கடவுச்சொற்களை ஊகிக்கப்போய், பல அலுவலகங்களில் ஊழியர்களின் கணக்குகள் பூட்டிக்கொண்டன.

திருடர்களும் வழி கண்டுபிடித்தார்கள். ஒரே கடவுச்சொல்லைப் பல கணக்குகளில் ஒருமுறை மட்டும் முயல்வது. எந்தக் கணக்கிலும் எண்ணிக்கை ஏறாது, பூட்டும் விழாது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே இப்படி நுழைந்தார்கள். அகப்பட்டது ஒரு பழைய சோதனைக் கணக்கு. அதற்கு இரண்டாம் சரிபார்ப்பு இல்லை.

ஆகவே எண்ணிக்கை வரம்பும் வேண்டும், கைப்பேசிக்கு வரும் குறியெண் போன்ற இரண்டாவது பூட்டும் வேண்டும், பயன்படாத கணக்குகளை மூடவும் வேண்டும். வருடக் கடைசியில் கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்கிறோம். பயனர் பட்டியலையும் அதோடு ஒருமுறை பார்த்துவிடலாமே!