வைத்திய சரித்திரம்: டாக்டர் அடிசன் கண்ட கருமை

மனிதனுடைய சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் குல்லாய் கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் என்னும் சிறு சுரப்பிகளால் சரீரத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டு, பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரின் பண்டித சபை 1716-ஆம் ஆண்டில் பரிசு ஒன்றை அறிவித்தது. வந்த விடைகளைப் பரிசீலித்த அறிஞர் மாந்தெஸ்கியூ, ஒன்றேனும் திருப்தி தருவதாக இல்லையென்று தீர்ப்புரைத்தார்.

நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவிழாத அந்தப் புதிரில், லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய தாமஸ் அடிசன் என்ற வைத்தியர் கைவைத்தார். காரணம் புலப்படாமலே நாளுக்கு நாள் பலம் குன்றி, நாடி தளர்ந்து, உணவைக் கண்டாலே குமட்டி, முகமும் கழுத்தும் கைகளும் அக்குளும் கருத்துப்போய் வந்து சேர்ந்த நோயாளிகளை அவர் கட்டிலருகே நின்று பொறுமையுடன் கவனித்தார். அவர்கள் மாண்டபின் உடலைச் சோதித்தபோது, எவரும் பொருட்படுத்தாதிருந்த அச்சுரப்பிகளே பழுதுற்றிருக்கவும், பலரிடத்தில் க்ஷயரோகம் அவற்றை அரித்திருக்கவும் கண்டார். பதினொரு நோயாளிகளின் விவரங்களோடு 1855-இல் அவர் வெளியிட்ட சிறு நூலே அட்ரீனல் வைத்தியத்தின் அஸ்திவாரம். மறுவருஷமே பிரௌன் செக்கார் என்ற ஆராய்ச்சியாளர், மிருகங்களிலிருந்து இச்சுரப்பிகளை நீக்கினால் அவை பிழைப்பதில்லை என்று காட்டினார்.

தோல் ஏன் கருக்க வேண்டும் என்பது பின்னரே விளங்கிற்று. அட்ரீனலின் புறணியில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறையும்போது, அதைச் சுரக்கும்படி ஏவுகின்ற, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் ஹார்மோன் மிதமிஞ்சிப் பெருகித் தோலின் நிறமியையும் தூண்டிவிடுகிறது. அதே புறணியில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைவதால் உப்பு சிறுநீரோடு கழிந்து, ரத்த அழுத்தம் தாழ்ந்து, நோயாளி உப்புக்கு ஏங்குகிறான்.

வியாதிக்கு அடிசனின் பெயர் கிடைத்தும் பரிகாரம் கிடைக்கவில்லை. 1930-ஐ ஒட்டித்தான் மாட்டின் அட்ரீனல் புறணியிலிருந்து எடுத்த சாரம் நோயாளிகளுக்குச் சிறிது ஆயுளைத் தந்தது. அச்சாரத்தைப் பகுத்து ஆராய்ந்த அமெரிக்காவின் கெண்டாலும் ஸ்விட்ஸர்லாந்தின் ரைக்ஸ்டைனும், அதில் கண்டறியப்பட்ட கார்டிஸோனை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்த ஹெஞ்சும் 1950-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அன்று மரண தண்டனையாக இருந்த வியாதி, இன்று ஹைட்ரோகார்டிஸோன், ஃப்ளூட்ரோகார்டிஸோன் மாத்திரைகளைத் தினந்தோறும் உட்கொள்வதால் கட்டுக்குள் நிற்கிறது. ஆனால் மாத்திரை, சுரப்பி செய்யவேண்டிய வேலையைச் செய்கிறதேயொழியச் சுரப்பியைக் குணப்படுத்துவதில்லை. காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ நேரும்போது வைத்தியர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் தாமதமின்றி ஊசி போட்டாக வேண்டும்.

நம் நாட்டில் க்ஷயரோகம் இன்னமும் இச்சுரப்பிகளை அழிக்கும் காரணங்களுள் ஒன்றாக இருப்பதால், அயர்ச்சியோடு தோல் கருப்பதையும் உப்பின்மேல் ஆசை மிகுவதையும் கண்டவர்கள் வைத்தியரை நாடுவதில் அலட்சியம் கூடாது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ கார்டிஸோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உண்டவர்களுக்கும் சுரப்பி தன் தொழிலை மறந்திருக்கக்கூடும்; ஆகையால், வைத்தியரைக் கேளாமல் அம்மாத்திரைகளை ஒருநாளும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.