பலூராவும் பொடம்பேட்டாவும்

சென்ற மே மாத இறுதியில், ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்தில் ருசிகுல்யா ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு வடக்கே, வங்காள விரிகுடாவின் கரையோரமாக ஒரு மாலை நடந்தேன். பங்குனி ஆமைகள் முட்டையிட்டுச் சென்று, குஞ்சுகளும் கடல் சேர்ந்தபின் அக்கரையில் ஆளரவம் இராது. மணலில் உலர்ந்து சுருண்ட முட்டையோடுகள் மட்டும் கிடந்தன.

நான் சென்றது ஒரு பெயரைத் தேடி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூல் இப்பக்கத்துக் கடற்கரையில் பலூரா என்னும் ஊரைக் குறிக்கிறது. கிரைசே எனப்பட்ட பொன்னாட்டிற்குச் செல்லும் கப்பல்கள் அதனருகில்தான் கரையை விட்டு ஆழ்கடலுக்குத் திரும்பினவாம். பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1925இல் இதனைப் பௌத்த நூல்கள் கூறும் கலிங்க நகரமான தந்தபுரத்தோடு இணைத்தார். தந்தம் என்பது பல். ஆகவே பல் + ஊர். சில்கா ஏரியின் தென்கோடியில் பாலூர் என்னும் சிற்றூரும் இன்று உள்ளது.

மிக அழகாகப் பொருந்துகிறது. தமிழூர் என்று உரிமை கொண்டாடத் தோன்றும். முதுகலை முதலாண்டில் நானே அவ்வாறு ஒரு கட்டுரை வாசித்துக் கைத்தட்டலும் பெற்றேன். பல் தமிழுக்கு மட்டும் உரிய சொல்லன்று. தெலுங்கு, கோண்டி, வடக்கே குடுக்கு வரை அது பரவியுள்ளது. அண்டையிலுள்ள கந்தமாலில் வழங்கும் குயி மொழியிலும் உண்டு. எனவே லெவி கூறியது சரியென்றாலும், அது சுட்டுவது ஏதோ ஒரு திராவிட மொழியை; இன்ன மொழி என்று பெயர் சொல்ல அது இடம் தரவில்லை. சரிதானா என்பதும் ஐயமே. பொருள் விளங்காத ஒரு வேற்றுமொழிப் பெயரைப் பல் என்று செவிகொண்டு, பின்னர் எவரேனும் தந்தம் என மொழிபெயர்த்திருக்கலாம். தந்தபுரத்தை ஸ்ரீகாகுளத்தின் அருகே காண்போரும் உளர்.

இவ்வெச்சரிக்கை வெறும் ஏட்டுப் பிடிவாதமன்று. 1936இல் ஒடிசா தனி மாகாணமானபோது கஞ்சாமின் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. எவ்வூரில் எவர் மொழி என்ற வழக்கிற்கு இங்கே எல்லைக்கோடுகளையே மாற்றும் வலிமை இருந்தது.

வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். தெலுங்கு பேசும் நோலியா மீனவர். "தாத்தகாரு, பல்லுக்கு உங்கள் பேச்சில் என்ன சொல்?" என எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். "பன்னு" என்றார். பிறகு வாயைத் திறந்து, எஞ்சியிருந்த இரண்டைக் காட்டி, "பள்ளு" என்று பன்மையிலும் சொல்லிச் சிரித்தார். மகிழ்ந்தேன்; ஆயினும் இன்றைய தெலுங்கு தாலமிக்குச் சான்றாகாது.

அவருடைய ஊர் பொடம்பேட்டா. பெயரின் ஈற்றில் நிற்பது நம் பேட்டைதான். கடலரிப்பில் வீடுகள் இடிந்து, மக்கள் உள்நாட்டுப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டனர். இடிந்த சுவர்களுக்கிடையே நடந்தபடி அவர் ஒவ்வொரு சந்திற்கும், படகு இழுத்த ஒவ்வொரு துறைக்கும் பெயர் சொன்னார். நான் பார்த்த வரைபடம் எதிலும் அவை இல்லை. பலூராவுக்கென்று கொண்டுபோன குறிப்பேட்டில் அவற்றை எழுதத் தொடங்கினேன். பதினேழாவது பெயரில் இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் மீண்டும் வரச் சொன்னார்.