பெயரும் எலும்பும்

இந்தியாவில் முதலில் கிடைத்த டைனோஸார் எலும்புகள் 1828இல் ஜபல்பூரின் படா சிம்லா குன்றில் எடுக்கப்பட்டவை. எடுத்தவர், தக்கர்களை ஒடுக்கியவராகச் சரித்திரம் நினைவில் வைத்திருக்கும் கம்பெனி அதிகாரி ஸ்லீமன். ஸ்பில்ஸ்பரி என்ற மருத்துவர் வழியாக 1832இல் அவை கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்ஸெப்பிடம் போயின. பிராமி எழுத்தைப் பின்னால் படித்துச் சொன்ன அதே பிரின்ஸெப். அவர் 1840இல் இறந்தார். ‘டைனோஸார்’ என்ற சொல்லை ஓவன் உண்டாக்கியது 1842இல். ஆக, எலும்பு வந்து சேர்ந்துவிட்டது, அதற்கான சொல் இன்னும் பிறக்கவில்லை.

பெயர் 1877இல் வந்தது. வாலின் இரண்டு முள்ளெலும்புகளையும் ஒரு தொடையெலும்பின் பகுதியையும் வைத்து, லைடெக்கர் ‘டைட்டானோஸாரஸ் இண்டிகஸ்’ என்றார். முள்ளெலும்பின் முன்புறம் குழி, பின்புறம் குமிழ், இதுவே அடையாளம். இதே அமைப்பு பிறகு உலகின் வேறு பாகங்களிலும் கிடைக்கக் கிடைக்க, புதிய இனங்கள் இந்தப் பெயரின் கீழ் சேர்க்கப்பட்டன. பெயர் பெருத்தது. 2003இல் வில்ஸனும் அப்சர்ச்சும் கணக்குத் தீர்த்தார்கள்: அந்த அடையாளம் ஒரு கூட்டத்துக்கே பொது, ஓர் இனத்தை மட்டும் பிரித்துக்காட்ட அதனால் ஆகாது, எனவே பெயர் செல்லாது. அந்தச் சமயம் எலும்புகளும் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டன.

2012இல் முள்ளெலும்புகளில் ஒன்று அகப்பட்டது. வேறெங்குமில்லை, கல்கத்தாவிலேயே, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேமிப்பில், லைடெக்கர் பார்த்த பழைய எலும்புகளுக்கிடையே. பெயர் செத்த பிறகு பொருள் திரும்பி வந்தது.

இதற்கு நேர் எதிரானது நம் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் நடந்தது. 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த ராட்சச எலும்புகளுக்குப் ‘பிருஹத்காயோஸாரஸ்’ என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். மாமிசபட்சிணி என்று முதலில் வகுத்தார்கள். பிற்பாடு தாவரபட்சிணி என்றானது. எலும்புகளோ பொடிந்து போய்விட்டன. மிச்சம், கோட்டோவியங்களும் 2022இல் வெளிவந்த சில புகைப்படங்களும். ஆனால் பெயர் வளர்ந்துகொண்டே இருக்கிறது: 100 டன்னைத் தாண்டும் எடைக் கணக்குகள், உலகின் ஆகப்பெரிய தரைவிலங்கு என்ற பேச்சு.

மியூசியத்தின் காரியம் காட்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சீட்டை ஒரு பொருளோடு பிரியாமல் கட்டி வைப்பதுதான் அதன் காரியம். எலும்பு இருந்தால், வைத்த பெயர் தப்பென்று நிரூபிக்கலாம், வேறு பெயர் வைக்கலாம், இன்னும் பிறக்காத ஒரு சொல்லுக்காகக் காத்தும் இருக்கலாம். பெயர் மட்டும் மிஞ்சினால் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லத்தான் முடியும். மறுக்க முடியாததால் அது பெருத்துக்கொண்டே போகும்.

வளையாபதியை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணிக்கையில் சேர்க்கத் தவறுவதில்லை நாம். கையிலிருப்பவை சில பாடல்கள். இலக்கியச் சரித்திரம் என்று எழுதப்படுவதில் எவ்வளவு கல்கத்தா, எவ்வளவு கல்லமேடு என்று யாராவது பிரித்துப் பார்த்தால் தேவலை.