அண்ணன் வாங்கி வைத்த இரண்டு விளக்குகள்

(பழைய மாணவர், இயந்திரவியல், 1974–79)

மலர்க் குழுவிலிருந்து நம் வகுப்பு நண்பன் போன் செய்தான். "ஏதாவது வரலாறு எழுதுடா. மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம், அதுக்கு ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு" என்றான். ரிடையர் ஆனபின் என்ன செய்கிறாய் என்று விசாரித்தான். "பழைய கார் ஒண்ணுக்கு ஹெட்லைட் மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்றேன். "அமெரிக்கா போயி நாப்பது வருஷம் கழிச்சு மெக்கானிக் ஆயிட்டியா?" என்று சிரித்தான்.

சிரிக்கட்டும். அந்த ஹெட்லைட்டுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. நண்பர்களே, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

ஹாட் ராட் பிறந்த கதை

1932-ல் ஃபோர்டு கம்பெனி, சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் வி-8 எஞ்சின் போட்ட காரைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சில வருடங்களில் இந்தக் கார்கள் பழசாகி மலிவு விலைக்கு வந்தபோது, தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் கையில் சிக்கின. மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள், எடையைக் குறைத்தார்கள், எஞ்சினை முடுக்கினார்கள். பிறகு மொஹாவி பாலைவனத்தில் மூரோக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிகளுக்குப் போய் வேகம் பார்த்தார்கள். இவர்களுடைய கிளப்புகள் சேர்ந்து 1937-ல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனை ஆரம்பித்தன. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகையும் வந்தது.

இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பையன்களுக்கு ரேஸுக்கு என்று தனிக் கார் கிடையாது. வீட்டிலிருந்து அதே காரை ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். அங்கே ஹெட்லைட்டையும் முன் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார்கள். சாயங்காலம் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். ஆகவே ஹாட் ராடில் ஹெட்லைட் அலங்காரப் பொருள் மட்டுமல்ல, வீடு வந்து சேருவதற்கான பொருள்.

விளக்கின் கதை

ஃபோர்டு மாடல்-டி 1908-ல் வந்தபோது அதற்கு அசெட்டிலின் வாயு விளக்கு. 1915-ல் மின்விளக்கு வந்தது; ஆனால் கரண்ட் எஞ்சினில் இருந்த மேக்னெட்டோவிலிருந்து. எஞ்சின் மெதுவாக ஓடினால் விளக்கும் மங்கிவிடும், நம் ஊர் பழைய மொபெட் மாதிரி! பிறகு பேட்டரி, இரட்டை ஃபிலமெண்ட் பல்பு, வெள்ளி முலாம் பூசிய ரிஃப்ளெக்டர் எல்லாம் வந்தன. வெள்ளி அருமையாகப் பிரதிபலிக்கும். ஆனால் டூமுக்குள் தூசியும் ஈரமும் புகுந்தால் வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பது போலக் கறுத்துவிடும். துடைக்கத் துடைக்க முலாம் தேயும்.

இதற்கு முடிவு கட்டியது சீல்டு பீம். 1940-ம் வருட மாடல்களில் அறிமுகமானது. லென்ஸ், ரிஃப்ளெக்டர், ஃபிலமெண்ட் மூன்றும் காற்றுப் புகாமல் ஒரே உருண்டையாக மூடப்பட்டவை. 7 அங்குல வட்டம், 6 வோல்ட், பிரைட்டுக்கு 45 வாட், டிம்முக்கு 35 வாட். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் அதே அளவு. நம் அம்பாசடரின் வட்ட முகத்தில் இருந்த விளக்கும் அதே 7 அங்குலம்தான். 1983 வரை அமெரிக்காவில் சீல்டு பீம் தவிர வேறு ஹெட்லைட்டுக்கு அனுமதியே கிடையாது.

இதனால் மரபுப்படி ஹாட் ராட் கட்டுகிறவர்களுக்கு, அதாவது அந்தக் காலத்துச் சாமான்களை வைத்து அந்தக் காலத்து முறையிலேயே கட்டுகிறவர்களுக்கு, ஹெட்லைட் பெரிய தலைவலி. காரோடு வந்த 1932 விளக்கையே வைக்கலாம். பார்க்க லட்சணம், வெளிச்சம் சுமார். உட்லைட் என்று ஒன்று, கண்ணை இடுக்கிப் பார்ப்பது போல ஒடுங்கிய லென்ஸ். அழகில் முதல் மார்க், வெளிச்சத்தில் அரியர்ஸ். டயட்ஸ் கம்பெனி விளக்கு ஒன்று உண்டு. பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? அரிக்கேன் விளக்குக்குப் பேர்போன அதே டயட்ஸ்தான். கடைசியாக, இண்டியானா மாநிலம் ஆண்டர்சன் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கைடு லேம்ப் பிரிவு செய்த 682-சி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் போன முரட்டு விளக்கு. உள்ளே சீல்டு பீம். போருக்குப் பின் ஹாட் ராட் பையன்கள் இதைத்தான் தேடித் தேடிப் பிடித்தார்கள். இன்றும் போமோனா பழைய சாமான் சந்தையில் இதைக் கண்டால் நாலு பேர் கூடிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு 80 வயது தாண்டிவிட்டது. அவருடைய அண்ணன் 1951-ல் காயலான் கடையில் உடைபட்ட ஒரு லாரியிலிருந்து இரண்டு கைடு 682-சி விளக்குகளை வாங்கினாராம். மாட்டுவதற்குள் கொரியப் போருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர் கல்யாணச் செலவுக்குக் காரை விற்றார். விளக்குகள் மட்டும் பெட்டியிலேயே கிடந்தன. அண்ணன் இறந்தபின் பெட்டி தம்பியிடம் வந்தது. தம்பி அதற்காகவே ஒரு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரைத் தேடி வாங்கினார். விளக்குக்காகக் கார் வாங்கிய மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாட்டும் வேலைக்கு நான் உதவிக்குப் போனேன். 1932 ஃபோர்டில் ஹெட்லைட் உட்காருவது இரண்டு மட்கார்டுக்கும் இடையே போகும் ஒரு கம்பியில். மட்கார்டைக் கழற்றிவிட்டால் கம்பிக்குப் பிடிமானம் போச்சு. ஆகவே முன்பக்க ஷாக் அப்சார்பர் பிடிக்கும் தாங்கியிலேயே விளக்குக்கும் கால் வைத்தோம். நான் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் இருபது அடி தள்ளி நின்று "இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் உள்ளே" என்பார். கிரில்லை ஒட்டித் தாழ்வாக இருந்தால்தான் ஹாட் ராடின் முகம் அமையும். ஆனால் இஷ்டத்துக்குத் தாழ்த்தவும் முடியாது. விளக்கின் மையம் தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 54-க்கு மிஞ்சக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம். ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் தாங்கியில் இடிக்கக் கூடாது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய், 28 அங்குலத்தில் முடிவானது.

தாங்கிகளுக்கு அவர் கண்ணாடி மாதிரிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். ஒயரிங் என் பொறுப்பு. 6 வோல்ட் அப்படியே இருக்கட்டும் என்றார். போட்டேன். ஷெட்டில் ஸ்விட்சைத் தட்டினோம், இரண்டும் பளிச்சென்று எரிந்தன. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த இரவு

நாலு மாதம் கழித்து எல் மிராஜுக்குப் போய்விட்டு இருட்டில் திரும்பினோம். அவர் முன்னால் ரோட்ஸ்டரில், நான் பின்னால் என் காரில். பாலைவன ரோடு, ஒரு தெருவிளக்கு கிடையாது. போகப் போக வேகம் குறைந்தது. கடைசியில் ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். "ரோடு தெரியலை. நீ முன்னால போ, உன் பின்விளக்கைப் பார்த்து வர்றேன்" என்றார். அப்படியே வீடு வந்தோம்.

மறுநாள் சொன்னார்: "என் மகள் ரொம்ப நாளா சொல்றா, நான்தான் கேட்கலை. கண்ணு போயிடுச்சு. காரை வித்துடறேன். அண்ணனோட விளக்கை மட்டும் கழட்டிக் கொடு."

நானும் நம்பினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. வயசாயிடுச்சு, பாவம் என்றுதான் நினைத்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். கழற்றுமுன் கடைசியாக ஒருமுறை ஸ்விட்சைத் தட்டினேன். சுவரில் விழுந்த வெளிச்சம் மஞ்சளாக இருந்தது.

அப்போது காதில் ஒரு குரல் கேட்டது. நம் எலெக்ட்ரிக்கல் லேப் இன்ஸ்ட்ரக்டரை மறந்திருக்க மாட்டீர்கள். எந்த சர்க்யூட் ஓடாவிட்டாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி: "எர்த்தைப் பாத்தியாய்யா?"

பார்க்கவில்லை ஐயா. தாங்கியையே எர்த்தாக நம்பி, போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டாமல் முறுக்கியிருந்தேன். ஏதோ மரை வழியாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த தொடர்பு, அதிர்விலும் துருவிலும் போய்விட்டது. மல்ட்டிமீட்டரை விளக்கின் எர்த்துக்கும் பேட்டரிக்கும் நடுவே வைத்தேன். 1.2 வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது.

12 வோல்ட் காரில் இது பத்தில் ஒரு பங்கு. 6 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஃபிலமெண்ட் பல்பில் வோல்டேஜ் குறைகிற விகிதத்தைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும், சுமாராக 3.4 அடுக்கு. பத்து சதவீதம் வோல்டேஜ் போனால் முப்பது சதவீத வெளிச்சம் போகும். இருபது சதவீதம் போனால் பாதிக்கும் குறைவுதான் மிஞ்சும். இரண்டு விளக்கும் பிரைட்டில் சேர்ந்து 15 ஆம்பியர் இழுக்கிற இடத்தில், எர்த் ஒயர் போடாத இன்ஜினியர் நான்.

பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பைக் காட்டினேன். பல் வாஷர் போட்டேன். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பேட்டரிக்கே தடிமனான தனி எர்த் ஒயர் இழுத்தேன். 25 அடி தள்ளிச் சுவரில் மைய உயரத்துக்குக் கோடு போட்டு, டிம்மின் பிரகாசமான பகுதி கோட்டுக்கு மேலே ஏறாமல் திருப்பி வைத்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ கண்ணு இல்லையா?" என்றார். தப்பு என்னுடையது என்றேன். திட்டவில்லை. மறுபடியும், "கண்ணு இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

கண் டாக்டரிடமும் போய்வந்தார். கண்ணாடி நம்பரைக் கொஞ்சம் மாற்றினார்கள், அவ்வளவுதான். கார் விற்கப்படவில்லை. அண்ணன் 1951-ல் வாங்கிய விளக்குகள் இன்றும் எங்கள் தெரு முனையில் திரும்பும்போது என் ஜன்னலில் அடித்துவிட்டுப் போகின்றன.

படித்த படிப்பு நாற்பது வருடம் சோறு போட்டது. ஆனால் அந்த ஒற்றைக் கேள்வியை மறந்ததால் ஒரு நல்ல மனிதர் தன் கண்களையே சந்தேகப்பட வேண்டி வந்தது. ஒன்று மங்கினால் வயசின் மேல் பழி போடுமுன், நாம் போட்ட போல்ட்டைப் பார்க்க வேண்டும். அந்த இன்ஸ்ட்ரக்டர் எங்கிருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

சந்திப்பு விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். சாம்பார் பற்றி நேரில் பேசிக்கொள்வோம்!