சோர்சரர் (1977 திரைப்படம்)

சோர்சரர், வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1977 ஜூனில் வெளிவந்த அமெரிக்க த்ரில்லர் படம். ழார்ஜ் அர்னோ 1950இல் வெளியிட்ட 'லெ சலேர் த லா பேர்' என்ற பிரெஞ்சு சாகச நாவல் இதன் மூலம். அதை 1953இலேயே படமாக்கிய ஆன்ரி-ழார்ஜ் க்ளூஸோ, கான், பெர்லின் ஆகிய இரு விழாக்களிலும் உயரிய பரிசை வென்றிருந்தார். எரியும் எண்ணெய்க் கிணற்றை அணைப்பதற்காக, குலுங்கினாலே வெடிக்கும் நைட்ரோகிளிசரினை நான்கு பேர் இரண்டு லாரிகளில் கரடுமுரடான பாதையில் கொண்டுபோகிறார்கள். கதை ஒன்றே என்பதால் ஃப்ரீட்கினின் படத்தை நகல் என்று தள்ளியவர்கள் பலர். தான் எடுத்தது மறுஆக்கம் அல்ல, நாவலின் புதிய வடிவம் என்பது அவர் வாதம். படமே அதற்குச் சான்று.

க்ளூஸோவின் நால்வர் வேலையும் ஊர் திரும்பக் காசும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களை லாரியில் ஏற்றுவது வறுமை. ஃப்ரீட்கினும் திரைக்கதையாசிரியர் வாலன் கிரீனும் வெராகுருஸ், ஜெருசலேம், பாரிஸ், நியூஜெர்சி என நான்கு இடங்களில் கதையைத் தொடங்கி, கொலை, குண்டுவெடிப்பு, நிதி மோசடி, கொள்ளை என்று ஒவ்வொருவரையும் துரத்தும் குற்றத்தை முதலில் காட்டிவிடுகிறார்கள். இதனால் முடிவின் பொருளே மாறுகிறது. முந்தைய படத்தில் உயிர்தப்பியவன் திரும்பும் வழியில், மகிழ்ச்சி தலைக்கேறி வண்டியை வளைத்து வளைத்து ஓட்டிப் பள்ளத்தில் விழுந்து சாகிறான். இங்கே கடைசியில் மிஞ்சியவனைத் தேடி, அவன் விட்டு ஓடிவந்த பகையே வாசலில் வந்து நிற்கிறது. ஒன்று தன்னையே மறந்தவனின் சாவு. மற்றது தீராத பழைய கணக்கு. புயல்மழையில் கயிற்றுப் பாலத்தில் லாரி சாயும் புகழ்பெற்ற காட்சியும் க்ளூஸோவிடம் இல்லாதது. டொமினிக்கன் குடியரசில் கட்டிய பாலத்தின் கீழ் ஆறு வற்றிப்போக, மெக்சிகோவில் மறுபடி கட்டி எடுத்தார்கள்.

குற்றவாளிகளை முன்நிறுத்தியதால் எண்ணெய் நிறுவனத்தின் சுரண்டலைப் பற்றிய விமர்சனம் மழுங்கியது என்று சொல்லக்கூடும். அது சரியல்ல. கவனிப்பாரில்லாமல் கிடந்த டைனமைட் பெட்டிகளில் நைட்ரோகிளிசரின் கசிந்திருப்பதுதான் இங்கே ஆபத்துக்கே காரணம். கருகிய உடல்கள் ஊருக்கு வந்ததும் மக்கள் கொதித்தெழுகிறார்கள். முந்தைய படத்தில் இவ் மோந்தானும் ஷார்ல் வானெலும் நடித்த இரு ஆண்களின் உறவில் பயம் படிப்படியாக ஒருவனை உடைக்கிறதே, அந்த நுட்பம் இதில் இல்லை என்பது மட்டும் நியாயமான குறை. ராய் ஷைடர் திறமையாக நடித்தும் அந்த இடம் நிரம்பவில்லை. வசூலில் தோற்றதைத் தரக்குறைவுக்குச் சான்றாக்குவது இன்னும் பலவீனமான வாதம். ஏறத்தாழ 2.2 கோடி டாலரில் எடுத்த படம், 'ஸ்டார் வார்ஸ்' வந்து ஒரு மாதத்தில் திரைக்கு வந்தது. லாரி ஒன்றின் பெயரையே தலைப்பாக வைத்திருந்தார்கள். 'எக்ஸார்சிஸ்ட்' இயக்குநரிடமிருந்து வந்ததால் பேய்ப்படம் என்று நம்பி வந்தவர்களும் ஏமாந்தார்கள். 2013இல் புதுப்பித்த பிரதி வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட பிறகு மதிப்பீடுகள் மாறத் தொடங்கின. க்ளூஸோவின் படத்தை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வருவோருக்கு இரண்டின் தனித்தன்மையும் தெளிவாகப் புலப்படும்.