பசிக்குச் சாதிப் பெயர் வைத்தவர்கள்

"சேரிப் புள்ளைங்களுக்குப் படிப்பு மண்டையில ஏறாது." இந்த வார்த்தையைக் கேட்காமல் பள்ளிக்கூடம் போய்வந்தவர்கள் நம்மில் குறைவு. புத்தி பிறப்பால் வருகிறது என்பது சாதியின் வாதம். அதற்குப் பதில் சோற்றுத் தட்டில் இருக்கிறது. மூளை கருவிலிருந்து மூன்று வயது வரைக்கும்தான் மிக வேகமாக வளர்கிறது. அந்தக் காலத்தில் இரும்புச்சத்தும் அயோடினும் புரதமும் கிடைக்காவிட்டால் கவனம் போகும், ஞாபகம் போகும். பசி செய்த கேட்டைப் பிறப்பின் தலையில் கட்டிவிட்டார்கள்.

1969 முதல் 1977 வரை கௌதமாலா நாட்டில் நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஊர்களில் புரதம் சேர்த்த கஞ்சி கொடுத்தார்கள். மற்ற இரண்டில் புரதமில்லாத பானம். சின்ன வயதில் கஞ்சி குடித்தவர்கள் ஆளான பிறகு வாசிப்பில் முந்தி நின்றார்கள். மூன்று வயதுக்குள் குடித்த ஆண்களுக்குக் கூலியும் கூடுதலாகக் கிடைத்தது.

நம் ஊரில் இந்தக் கதை 1920இல் தொடங்குகிறது. சென்னை மாநகராட்சியின் தலைவராக பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி போடத் தீர்மானித்தார்கள். அது வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளை அரசு 1925இல் மறித்தது. சோறு வேறு, படிப்பு வேறு என்பது அவர்கள் கணக்கு.

1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கத்துக்கச் சொன்னார். எதிர்ப்பில் அது 1954இல் ஒழிந்தது. 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அரசியல் விளங்கும். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அதில்தான் 2 வயதுப் பிள்ளையும் பந்திக்கு வந்தது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010இல் வாரம் ஐந்து முட்டை. 2022இல் காலைச் சிற்றுண்டி.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நின்று பார்த்தால் கொடுமை புரியும். அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்குகிற மண்டி. பக்கத்து நாமக்கல் முட்டை நாடெல்லாம் போகிறது. ஆனால் சுமை தூக்குகிறவர் வீட்டுக் கைக்குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? தாய் கூலிக்குப் போனால் பால் நின்றுபோகும். ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்க வேண்டிய பருப்புச் சாதம், முட்டை, கீரை, கேழ்வரகுக் கூழ் எதையும் பக்கத்தில் இருந்து ஊட்ட ஆளில்லை. அக்காக்காரி பள்ளிக்கூடத்தை விட்டுட்டுத் தம்பியைத் தூக்கிக்கிட்டு நிக்கணும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, முட்டை விளைகிற தமிழ்நாட்டிலேயே 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை. நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை.

சோறு வந்தாலும் சாதி விடவில்லை. சமையல் வேலையில் தலித் மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. ஆனாலும் 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஓர் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியார் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவைத்தான் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகே உத்தரவு ரத்தானது. பிள்ளையின் மூளை வளரணும்னு அக்கறை உள்ளவன் சோத்தைத் தட்டிவிடுவானா?

சத்துணவை யாரோ போட்ட பிச்சையாக எழுதுகிற வரலாற்றை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்த அரிசியை விளைவித்ததும் மண்டியில் இறக்கியதும் நம் கைகள். கேட்க வேண்டியது தெளிவாக இருக்கிறது: கர்ப்பிணிக்குக் கூலியோடு ஓய்வு, வேலையிடத்துக்குப் பக்கத்தில் குழந்தைக் காப்பகம், மூன்று வயதுக்குள் முட்டை, சேரிக்குள்ளே அங்கன்வாடி, அதன் அடுப்படியில் நம் பெண்கள். இவ்வளவும் செய்து பார்த்துட்டு அப்புறம் பேசட்டும், யார் மண்டையில் எது ஏறும், ஏறாது என்று.