பிங்க் ஃபிளாய்டின் கடைசி ஆல்பம்: மறைந்த கலைஞரின் கீபோர்டு 20 வருஷம் கழித்து ஒலித்தது எப்படி?

ஒரு இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே குழுவில் இருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு அதே குழுவுக்கு சம்பளத்துக்கு வாசித்தார். 2008-ல் புற்றுநோயால் காலமானார். ஆனால், 2014-ல் வந்த அந்தக் குழுவின் கடைசி ஆல்பத்துக்கு உயிர் கொடுத்ததே அவருடைய கீபோர்டுதான்.

அவர் பெயர் ரிச்சர்ட் ரைட். குழு, பிரிட்டனின் பிங்க் ஃபிளாய்ட். ஆல்பத்தின் பெயர் 'தி எண்ட்லெஸ் ரிவர்', அதாவது முடிவில்லா நதி.

இது மறைந்த நண்பருக்குச் செய்த மரியாதையா, இல்லை பழைய மிச்சத்தைத் தூசி தட்டி விற்ற வியாபாரமா? ஆல்பம் வெளியானபோதே ரசிகர்கள் இரண்டு பட்டு நின்ற கேள்வி இது. விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பிங்க் ஃபிளாய்ட்?

1965-ல் லண்டனில் உருவான குழு. சிட் பாரெட், ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் என நான்கு பேர். கொஞ்ச நாளில் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் சேர்ந்தார். மனநலப் பாதிப்பால் தவித்த சிட் பாரெட் 1968-ல் விலகினார்.

இவர்களின் இசையை 'ப்ராக்ரெசிவ் ராக்' என்ற வகையில் சேர்ப்பார்கள். மூன்று நிமிஷப் பாட்டு, ஒரு பல்லவி, ரெண்டு சரணம் என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. ஒரே பாட்டு 20 நிமிஷத்தைத் தாண்டும். ஆல்பம் முழுவதும் ஒரே கருத்தைச் சுற்றி ஓடும். 1973-ல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம், 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இருந்தது என்றால் இவர்களின் வீச்சு புரியும்.

ரைட் ஏன் வெளியேற்றப்பட்டார்?

குழுவில் அதிகம் பேசாதவர் ரைட். பாடல் வரிகளும் மேடை ஆளுமையும் வாட்டர்ஸ் கையில், கிட்டார் கில்மோர் கையில். பின்னால் மெல்லிய புகை போலப் பரவும் கீபோர்டு ஒலி மட்டும் ரைட்டுடையது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பிங்க் ஃபிளாய்ட் இசை, பிங்க் ஃபிளாய்ட் இசையாகவே இருக்காது.

1979-ல் 'தி வால்' ஆல்பம் தயாரானபோது வாட்டர்ஸுக்கும் ரைட்டுக்கும் உரசல் முற்றியது. வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய நெருக்கடியில், விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு வர ரைட் மறுத்தது பிரச்னையைப் பெரிதாக்கியது. அவரை வெளியேற்றியே ஆக வேண்டும் என்று வாட்டர்ஸ் பிடிவாதமாக நின்றார். ரைட் வெளியேறினார்.

ஆனால் 'தி வால்' மேடை நிகழ்ச்சிகளில் சம்பளக் கலைஞராக வந்து வாசித்தார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த நிகழ்ச்சிகளின் பிரமாண்டச் செலவால் நஷ்டம் ஏற்பட, அது மற்ற மூன்று பேர் தலையில் விழுந்தது. சம்பளத்துக்கு வந்த ரைட் மட்டும்தான் பணம் பார்த்தார்!

அடுத்து 1983-ல் வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தில் ரைட் இல்லை. 1985-ல் வாட்டர்ஸே குழுவை விட்டு விலகினார். அதன் பிறகுதான் கில்மோர், மேசன் இருவருடனும் ரைட் மீண்டும் இணைந்தார்.

1993-ல் என்ன பதிவானது?

'தி டிவிஷன் பெல்' ஆல்பத்துக்காக மூன்று பேரும் 1993-ல் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள். முன்கூட்டி எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல், மனசுக்கு வந்ததை வாசித்துக்கொண்டே போனார்கள். அப்படிப் பிறந்தவை சுமார் 65 இசைத் துண்டுகள். அந்த ஆல்பத்தின் வேலை நடந்த முக்கிய இடங்களில் ஒன்று 'அஸ்டோரியா'. தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் படகு வீடு அது, உள்ளேயே ஸ்டூடியோ.

எதை ஆல்பத்தில் சேர்ப்பது? ஒவ்வொருவரும் 10-க்கு மார்க் போட்டார்கள். ரைட் தன் இசைக்கெல்லாம் 10, மற்றவர்கள் இசைக்கெல்லாம் பூஜ்யம் போட்டு முதல் கணக்கையே கவிழ்த்தார் என்பது குழுவினரே சொன்ன கதை. வெளியே நின்று திரும்பி வந்தவருக்கு, தன் இசை உள்ளே வர வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை இதில் ஊகிக்கலாம்.

கடைசியில் 11 பாடல்களோடு 1994-ல் ஆல்பம் வந்தது. மிச்சத்தில் ஒரு பகுதியை ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜாக்சன் சுமார் ஒரு மணி நேரத் தொகுப்பாகக் கோத்தார். அது வெளிவரவே இல்லை. மற்ற டேப்புகளும் அலமாரிக்குப் போயின.

அலமாரியில் இருந்து ஆல்பம் வரை

2005 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த 'லைவ் 8' நிகழ்ச்சியில் வாட்டர்ஸ் உட்பட நான்கு பேரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். அதுவே கடைசி. 2008 செப்டம்பர் 15-ல், 65 வயதில் ரைட் காலமானார்.

சில வருஷங்கள் கழித்துப் பழைய டேப்புகள் திறக்கப்பட்டன. 'ராக்ஸி மியூசிக்' குழுவின் கிட்டார் கலைஞர் ஃபில் மன்சனேரா, 20 மணி நேரத்துக்கும் மேலான பதிவுகளைக் கேட்டு நான்கு பகுதிகளாக ஒரு வடிவம் கொடுத்தார். ஆண்டி ஜாக்சனும், 'யூத்' என்று அழைக்கப்படும் தயாரிப்பாளரும் சேர்ந்தார்கள். கில்மோர் புதிதாக கிட்டார் வாசித்தார். மேசன் புதிதாக டிரம்ஸ் வாசித்தார். சில இடங்களில் வேறு கீபோர்டு கலைஞர்களும் கைகொடுத்தார்கள். ஆனால் நடுநாயகமாக இருந்தது 1993-ன் ரைட்தான்.

2014 ஜூலையில் கில்மோரின் மனைவியும் எழுத்தாளருமான பாலி சாம்சன் போட்ட ஒரு ட்வீட் மூலம்தான் செய்தியே வெளியே தெரிந்தது. நவம்பரில் ஆல்பம் வந்தது. 18 டிராக், 53 நிமிஷம். அதில் முழுமையாகப் பாடப்பட்ட பாட்டு ஒன்றே ஒன்று!

ஆல்பத்தில் கவனிக்க வேண்டியவை

* பெயர்: 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ஹை ஹோப்ஸ்' முடியும் இடத்தில் வரும் சொற்களே தலைப்பு. போன ஆல்பம் நின்ற இடத்தில் இருந்து இது தொடங்குகிறது.

* 'திங்ஸ் லெஃப்ட் அன்செட்': முதல் டிராக். 'சொல்லாமல் விட்டவை' என்று பொருள். இசைக்கு முன் ரைட், கில்மோர், மேசன் மூவரின் பேச்சுக்குரலும் கேட்கும்.

* 'ஆட்டம் 68': 1969-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உள்ள பிரமாண்ட பைப் ஆர்கனை ரைட் வாசித்த பதிவு. 20-களில் இருந்த இளைஞனின் கைகள் இவை.

* 'டாக்கின் ஹாக்கின்': இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் கணினிக் குரல் ஒலிக்கும் டிராக்.

* 'லவுடர் தேன் வேர்ட்ஸ்': அந்த ஒரே பாட்டு. வரிகள் பாலி சாம்சன். 'லைவ் 8' சமயத்தில் அவர் கவனித்ததுதான் கரு. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே அபூர்வம், வாசிக்க ஆரம்பித்தால் மட்டும் எல்லாம் பேசிவிடுகிறார்கள்.

* அட்டைப்படம்: மேகக் கடலில் ஒரு மனிதர் தனியாகப் படகு ஓட்டும் காட்சி. உருவாக்கியவர் அப்போது 18 வயதே ஆன எகிப்து இளைஞர் அகமது எமாத் எல்தின்.

விமர்சனம் என்ன?

விற்பனையில் குறையே இல்லை. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். அமேசான் பிரிட்டன் தளத்தில் அதுவரை இல்லாத அளவு முன்பதிவு.

ஆனால் விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். பாட்டே இல்லை, எல்லாம் பின்னணி இசை மாதிரி வந்து போகிறது, 1994-லேயே வேண்டாம் என்று ஒதுக்கியதை இப்போது ஏன் தர வேண்டும் என்று கேட்டார்கள். வாட்டர்ஸோ, தனக்கும் இந்த ஆல்பத்துக்கும் சம்பந்தம் இல்லை, 1985-லேயே விலகிவிட்டேன் என்று ஃபேஸ்புக்கில் விளக்கம் கொடுத்தார்.

இந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. பல டிராக்குகள் இரண்டு நிமிஷத்தைக்கூடத் தொடுவதில்லை. ஒரு மெட்டு கண் திறப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பழைய ஆல்பங்களின் கோபமும் கதையும் இதில் இல்லை.

மிச்சம் என்றால் மட்டமா?

இங்கே ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். 'ஸப்ரிஸ்கி பாயின்ட்' என்ற படத்துக்காக ரைட் ஒரு பியானோ மெட்டு போட்டார். படம் 1970-ல் வந்தது. அழகாக இருக்கிறது, ஆனால் ரொம்ப சோகம் என்று இயக்குநர் அன்டோனியோனி அதை ஒதுக்கிவிட்டார். அந்த மெட்டுதான் 1973-ல் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'அஸ் அண்ட் தெம்' பாட்டாக மாறியது. இன்றும் பிங்க் ஃபிளாய்டின் மிகவும் விரும்பப்படும் பாடல்களில் ஒன்று.

ஆக, ரைட்டின் ஒதுக்கப்பட்ட இசையை மறுபடி கையில் எடுப்பது இந்தக் குழுவுக்குப் புதுசு இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். 1973-ல் அந்த மெட்டை வளர்க்க ரைட் உயிரோடு இருந்தார். 2014-ல் இல்லை. அவர் வாசித்து நிறுத்திய இடத்தைத் தாண்டி அந்த இசையை அவர் வழியில் கொண்டுபோக வேறு யாராலும் முடியாது. பல டிராக்குகள் பாதியில் நிற்பது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆல்பத்தின் குறையும் அதுதான், அதன் உண்மையும் அதுதான்.

இனி பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் வருமா?

இதுவே கடைசி என்று கில்மோர் அப்போதே சொல்லிவிட்டார். ரைட் இல்லாமல் பிங்க் ஃபிளாய்ட் பெயரில் சுற்றுப்பயணமும் இல்லை என்றார். 2022-ல் யுக்ரேனுக்கு ஆதரவாக 'ஹே ஹே ரைஸ் அப்' என்ற ஒற்றைப் பாடல் மட்டும் வந்தது. அதில் கீபோர்டு வாசித்தவர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டன் இசைக் கலைஞர் நிதின் சாஹ்னி.

முதல்முறை கேட்பவர்கள் என்ன செய்யலாம்?

நேராக 'எண்ட்லெஸ் ரிவர்' ஆல்பத்துக்குப் போனால் தூக்கம்தான் வரும், குழுவின் தீவிர ரசிகர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். முதலில் 'அஸ் அண்ட் தெம்' கேளுங்கள். அடுத்து 'டிவிஷன் பெல்' ஆல்பத்தில் ரைட்டே பாடிய 'வேரிங் தி இன்சைட் அவுட்'. அதன் பிறகு ராத்திரியில் ஹெட்போன் போட்டு, 'ஆட்டம் 68'. ஒன்றரை நிமிஷம்தான் இருக்கும். தன் இசைக்கெல்லாம் தானே 10 மார்க் போட்டுக்கொண்ட அந்த மனிதர், அங்கே தனியாக வாசித்துக்கொண்டிருப்பார்.